தம்பி போதைக்கு மாத்திரை போடுறானோன்னு டவுட்டா? திட்டுறதுக்கு முன்னாடி இதை படிங்க

குடிச்சா வாய்ல வாடை அடிக்கும், கஞ்சான்னா சட்டையில நிக்கும், மாத்திரைக்கு வாடையே கிடையாது, அதனாலதான் வீட்டுக்கு கடைசியா தெரியுது. சென்னைல பசங்ககிட்ட அடிக்கடி சிக்குறது டபென்டடால்னு ஒரு வலி மாத்திரை, அபின் மாதிரியே வேலை செய்யும், அதோட நைட்ரசெபாம் மாதிரி தூக்க மாத்திரை.

மொதல்ல கண்ண பாருங்க. வெளிச்சம் கம்மியான ரூம்லயும் கருமணி ஊசிமுனையா சுருங்கி இருந்தா அந்த வலி மாத்திரையா இருக்கலாம். அது கிடைக்காத அன்னைக்கு அப்படியே தலைகீழ், கொட்டாவி மேல கொட்டாவி வரும், சளியே இல்லாம மூக்கு ஒழுகும், கை கால் குடைச்சல், வயித்தால போகும், நம்ம வீட்ல வைரல் ஃபீவர்னு கஷாயம் வெச்சு குடுத்துட்டு இருப்பாங்க. மே மாச வெயில்லயும் முழுக்கை சட்டையை கழட்ட மாட்டேங்குறானா, முழங்கை மடிப்புல ஊசி குத்துன தடம் இருக்கான்னு பாருங்க. மாத்திரையை கரைச்சு ஊசியா ஏத்துனா நரம்பு கெட்டு சீழ் பிடிக்கும், ஒரே சிரிஞ்ச்ச நாலு பேர் போட்டா எச்ஐவி, ஹெபடைடிஸ் சி எல்லாம் வரலாம்.

கண்டுபிடிச்சதும் ரூம்ல போட்டு பூட்டுறாங்க பாருங்க, அதை மட்டும் பண்ணாதீங்க ப்ளீஸ். ரொம்ப நாளா தூக்க மாத்திரை போட்டவன் திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் அளவை கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்.

தெளிவா இருக்கும்போது உக்கார வெச்சு எப்படி ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. சேர்க்கை சரியில்லன்னு முடிச்சுடாதீங்க, பாதி நேரம் அது நம்ம சாக்குதான். நாள் பூரா டெலிவரி வண்டி ஓட்டி இடுப்பு போனவன் இருக்கான், எக்ஸாம் டென்ஷன்ல தூக்கம் வராதவன் இருக்கான், வீட்டு சண்டைக்கு காதை மூடிக்க போட்டவனும் இருக்கான். அந்த காரணம் டாக்டருக்கு தெரிஞ்சாகணும்.

அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு போங்க, சென்னைன்னா கீழ்ப்பாக்கம் ஐஎம்எச், அதான் அரசு மனநல ஆஸ்பத்திரி. காலி மாத்திரை அட்டை கெடைச்சா எடுத்துட்டு போங்க. போகவே தயக்கமா இருந்தா போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446க்கு போன் பண்ணுங்க, ஃப்ரீதான், மனசு விட்டு பேச 14416 இருக்கு. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்தே பலபேர் போறதில்ல, ஆனா போதைப்பொருள் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, போட்டதுக்கோ கொஞ்சமா வெச்சிருந்ததுக்கோ கேஸ் இருந்தாலும் தானா சிகிச்சைக்கு வந்து முழுசா முடிச்சா அந்த வழக்குல பாதுகாப்பு கிடைக்கும். பிரைவேட் சென்டர்னா லைசென்ஸ் கேளுங்க, ஆளை பாக்கவே விடமாட்டோம்னா அங்க சேக்காதீங்க.

வீட்டுக்கு திரும்பி வந்த அப்புறம்தான் உஷாரா இருக்கணும். நிறுத்துன ஒடம்பு பழைய அளவை தாங்காது, ஒருநாள் சபலத்துல அதே அளவு போட்டா மூச்சே நின்னுடலாம். உதடு நீலமாகி, எழுப்புனா எழாம, மூச்சு விட்டு விட்டு வந்தா உடனே 108, வர்ற வரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, என்ன போட்டான்னு மறைக்காம சொல்லுங்க, அந்த வலி மாத்திரைன்னு தெரிஞ்சா நலாக்சோன்னு ஒரு முறிவு மருந்து போட்டு மீட்க முடியும்.