லான்காஸ்டர் ஆமிஷ் ஊர்களுக்கு நண்பர்களோடு ஒருநாள்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்குப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டி இரண்டு, இரண்டரை மணி நேர ஓட்டம். வீட்டுக்குள் மின்கம்பி இழுக்காமல், குதிரை வண்டியில் போய்வந்துகொண்டு, இன்றும் கோவேறு கழுதை பூட்டி உழும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவு மக்களின் ஊர்கள் அவை. நாங்கள் இரண்டு முறை போனோம். முதல் முறை பாதி நாள் வீணானது. அக்டோபரில் ஐந்து பேராகப் போன இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கிழமையை முடிவு செய்யுங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். எல்லோருக்கும் லீவு என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம். ஆமிஷ் மக்கள் ஞாயிறன்று வியாபாரம் செய்வதே இல்லை. ரோட்டோரக் கடை ஒவ்வொன்றிலும் "ஞாயிறு விற்பனை கிடையாது" என்று கையால் எழுதிய பலகை. தேவாலயம் என்று தனிக் கட்டடமும் அவர்களுக்குக் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடி வழிபடுவார்கள். ஒரு பண்ணை வீட்டு வாசலில் சாம்பல் நிற வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தோம். வழிபாட்டு வீட்டின் முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பது சரியில்லை என்று வேகம் குறைக்காமல் கடந்துவிட்டோம்.

லான்காஸ்டர் நகரின் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான். சனி வசதி, ஒருநாள் லீவு போட முடிந்தால் வெள்ளி இன்னும் நல்லது, கூட்டம் குறைவு.

படி 2: சில்லறை நோட்டும் ஐஸ் பெட்டியும்

ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக ஆளுக்கு நாற்பது டாலராவது வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை வாசல் கடைகள் பலவற்றில் கார்டு எடுபடாது. சிலவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள்: மேசையில் பூசணி, முட்டை, ஆப்பிள் பட்டர், ஓரத்தில் பூட்டிய மரப்பெட்டி, அதன் மேல் நோட்டு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். விலையைப் பார்த்து நாமே போட வேண்டும். மீதி கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

படி 3: காலை மார்க்கெட்டில் தொடங்குங்கள்

எட்டு மணிக்குள் போய்விடுங்கள். 1889இல் கட்டிய செங்கல் கட்டடம். சூடான பிரெட்சலும் காபியும் போதும், வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

படி 4: 30ஆம் நம்பர் ரோட்டை விட்டு இறங்குங்கள்

மேப் உங்களை 30ஆம் ரோட்டிலேயே இழுத்துப் போகும். அங்கே அவுட்லெட் கடைகளும் சிக்னலும்தான். 340ஆம் ரோட்டைப் பிடித்து பேர்ட்-இன்-ஹாண்ட், இன்டர்கோர்ஸ் என்ற ஊர்கள் வழியாகப் போங்கள். நடுவில் தோன்றிய சந்தில் திரும்புங்கள். லான்காஸ்டர் வந்ததும் நான் போனை மூடிவிட்டுக் காகித மேப்பை எடுத்துக்கொள்வேன். வேகமான வழியைத் தேடுகிற கருவிக்கு இந்த ஊரில் வேலை இல்லை. கூரை போட்ட பழைய மரப்பாலங்கள் இந்தக் கவுண்டியில் இருபத்தைந்துக்கு மேல் உண்டு. ஒன்றிரண்டு தானாகவே எதிர்ப்படும்.

படி 5: குதிரை வண்டிக்குப் பின்னால்

மேடு ஏறி இறங்கும் இடத்தில்தான் கவனம். முன்னால் போகும் வண்டி மணிக்கு எட்டுப் பத்து மைலில் போகும். நீங்கள் நாற்பதில் வருவீர்கள். பின்புற ஆரஞ்சு முக்கோணம் கண்ணில் பட்டதுமே பிரேக்கில் கால் வைத்துவிடுங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். எதிரே நன்றாகத் தெரிந்தால் மட்டும் அகலமாக விலகிக் கடங்கள். நாங்கள் ஒரு மைல் பின்னாலேயே போனோம். கண்ணாடியை இறக்கினால் லாடச் சத்தம். அந்த லாடங்கள் தேய்த்த பள்ளம் தாரில் நீளமாகத் தெரிந்தது. பின் சன்னலில் ஒரு சிறுமி வெள்ளைத் துணித் தொப்பியோடு எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

யாரும் கேமராவை எடுக்கவில்லை. முகம் தெரியப் படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. உருவம் செய்யாதே என்ற விவிலியக் கட்டளையோடு சேர்ந்த நம்பிக்கை அது. வயலை எடுங்கள், களஞ்சியத்தை எடுங்கள். குழந்தைகளோடு போனால் ஸ்ட்ராஸ்பர்க் நீராவி ரயிலில் தாராளமாக எடுக்கலாம். பாரடைஸ் என்ற ஊர் வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம்.

பிற்சேர்க்கை: சைவம் சாப்பிடும் தோழி ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார், நான் விட்டுவிட்ட முக்கியமான விஷயம். வெல்லப்பாகு மாதிரியான மொலாசஸ் ஊற்றிச் செய்யும் ஷூஃப்ளை பை இங்கே பேர்போனது. ஆனால் அடி மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. வாங்கும் முன் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். காய்கறியை இனிப்பு வினிகரில் ஊறவைத்த சௌ-சௌ ஊறுகாயில் அந்தக் கவலை இல்லை. நான் நான்கு பாட்டில் வாங்கினேன்.

இன்னொன்று: நவம்பரில் போகிறவர்கள் செவ்வாய், வியாழனில் சில கடைகள் மூடியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அறுவடை முடிந்து கல்யாணம் நடக்கும் கிழமைகள் அவை. விருந்துக்குச் செலரித்தண்டு நிறைய வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் செலரி வழக்கத்துக்கு மேல் நின்றால், அந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று அக்கம்பக்கத்தில் முன்பே பேசிக்கொள்வார்களாம்.