டவர் லைன் வயலுக்கு வருகிறதா? எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் கேளுங்கள்

மின்சார டவர் லைனுக்காக வயலில் சர்வே கல் ஊன்றிவிட்டுப் போனால் அதைப் பிடுங்காதீர்கள். போட்டோ எடுத்து, சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆத்திரத்தில் பிடுங்கத்தான் கிளம்பினார்கள். பெரியவர்கள் தடுத்தது நல்லதாயிற்று. பிடுங்கினால் பிள்ளைகள் மேல் வழக்கு வரும், மின்பாதை மாறாது.

எங்களுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள். பாதையை முடிவு செய்யும் முன் எங்களிடம் பேச வேண்டும், அதற்கு நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் பொறுப்பேற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

முதலில் சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் அரசு அதிகாரம் கொடுத்துவிட்டால், மின்பாதை போடுபவருக்கு 1885 தந்திச் சட்டத்தின் உரிமைகள் கிடைத்துவிடும். நம் சம்மதம் தேவையில்லை. ஆனால் நாம் ஆட்சேபித்தால், மாவட்ட ஆட்சியர்தான் அனுமதி உத்தரவு போட வேண்டும். அதனால் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலேயே கொடுக்கலாம். இழப்பீடு குறைவென்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

'டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே' என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த மண்டலத்துக்கான 2020 தமிழ்நாட்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலை போன்ற ஆலைகளையும்தான் தடுக்கிறது. சாலை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கோடு சட்டத்தை நிறைவேற்றியது சட்டமன்றம். ஆகவே அதைக் கேட்க வேண்டிய இடம் எம்.எல்.ஏ. அலுவலகம்.

அங்கே போனால் 'பார்த்துக்கிறேன், கவலைப்படாதீங்க' என்பார்கள். அதோடு திரும்பாதீர்கள். மனுவில் மூன்று கேள்வி போதும். எந்தெந்த மாற்றுப் பாதைகளை ஆராய்ந்தார்கள் என்று சட்டமன்றத்தில் கேட்பீர்களா? எங்களை விசாரிக்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவீர்களா? அடுத்த கிராமசபைக்கு வருவீர்களா? பதிலைத் தேதியோடு எழுத்தில் கேளுங்கள். மத்திய நிறுவனத்தின் பாதை என்றால் எம்.பி.யிடமும் இதே மனு போகட்டும். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டத்தொடர் தொடங்குமுன்பே போய்விடுங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் கொடுங்கள். எங்கள் ஊரில் இதில் கட்சி பார்ப்பதில்லை, பார்த்தால் ஊர் இரண்டாகும்.

கிராமசபைத் தீர்மானம் பாதையை நிறுத்தாது. ஆனால் ஊரே கையெழுத்துப் போட்ட தாளைத் தட்டிக்கழிப்பது தலைவர்களுக்குச் சுலபமில்லை. தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, பாதை வரைபடம், 164ஆம் பிரிவு ஆணை, ஆராய்ந்த மாற்று வழிகள் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

குத்தகைக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் நிறைய. டவர் அடிநிலத்துக்கான பணம் உரிமையாளருக்குப் போகும். பயிர் நட்டம் உழுதவருக்குச் சேர வேண்டும், ஆனால் அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேட்டில், பேர் இல்லாவிட்டால் யார் கேட்பார்கள்? வி.ஏ.ஓ.விடம் இப்போதே சரிபாருங்கள். கோயில் நிலமென்றால் அறநிலையத் துறைச் செயல் அலுவலருக்கும் எழுதுங்கள். இந்த விஷயத்தை எந்தத் தலைவரும் தானாகப் பேசி நான் கேட்டதில்லை, நாம்தான் மனுவில் எழுத வேண்டும்.

2024 ஜூனில் வந்த மத்திய வழிகாட்டுதலில் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான். உங்கள் பாதைக்கு எந்த ஆணை பொருந்தும் என்பதையும் எம்.எல்.ஏ.விடமே எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், வேலை நடக்கும் காலம். பயிர் நிற்கும்போது அஸ்திவாரம் தோண்டக் கூடாது, வடிகால் வாய்க்காலில் டவர் கால் விழக் கூடாது என்று ஆட்சியரிடம் கேளுங்கள். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து குறுவை நாற்று விட்ட பிறகு இதைப் பேசிப் பயனில்லை. கோடையிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.