குப்பை லொறிக்குப் பாதை போடும் மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பை லொறியைப் பார்சல் வான் மாதிரி நினைத்துத் திட்டம் போடுவதுதான் முதல் பிழை. பார்சல் வானுக்கு ஐம்பது முகவரி, அவற்றுக்கு ஒரு நல்ல வரிசை, அவ்வளவுதான். டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் பெட்ரோல் பௌசர்களுக்காகப் போட்ட கணக்கு அந்த வகை. வீட்டுக் குப்பை அப்படியில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் போனால் ஏறக்குறைய எல்லா வாசலிலும் பை இருக்கும், ஆகவே லொறி போகவேண்டியது முகவரிக்கு அல்ல, வீதி முழுவதற்கும். இது ஒவ்வொரு வீதியையும் விடாமல் தபால்காரர் நடக்கிற கணக்கு. மென்பொருள் வீதிவாரியாகத் திட்டமிடுமா என்பதை வாங்குமுன்பே கேளுங்கள். சந்தை, ஹோட்டல், தொடர்மாடி போன்ற இடங்களுக்கு மட்டும் முகவரிக் கணக்கு சரிவரும்.

அடுத்தது வரைபடத்தை அப்படியே நம்புவது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தில் வரைபடத்தில் கோடாகத் தெரிகிற எத்தனையோ ஒழுங்கைக்குள் லொறி திரும்பவே முடியாது, பின்னால் எடுத்துத்தான் வெளியே வரவேண்டும், பின்னால் நிற்கிற தொழிலாளிக்கு அது உயிராபத்து. சாரதியையும் தொழிலாளர்களையும் ஒரு நாள் உட்காரவைத்து, எதற்குள் லொறி போகும், எதற்குள் சின்ன டிராக்டர் போகும், எங்கே கைவண்டி மட்டும்தான் என்று ஒவ்வொரு ஒழுங்கையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம், காசு இல்லை.

அப்புறம், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிற வாகனங்களை வெட்டிப் போகவேண்டும், நேரமும் போகும், ஆபத்தும் கூட. அப்படித் திரும்புவதை மென்பொருள் தவிர்க்கப் பார்க்கும்படி அதற்குத் தண்டப் புள்ளி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு அமைத்தது அப்படியே வந்திருக்கலாம். காலி வீதி போன்ற அகன்ற வீதியில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுக்கவேண்டும், யாரும் பையோடு வீதியைக் கடக்கக் கூடாது. ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். அதைச் சொல்லாவிட்டால் மென்பொருள் லொறியை இரண்டு தடவை அனுப்பும்.

வட்டாரத்துக்குள் ஓடும் தூரத்தை மட்டும் குறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது எனக்குப் பெரிய கவலை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். கொழும்புக் குப்பை அதற்குப் பிறகு அங்கே போவதில்லை. களனி ஆற்றைத் தாண்டி கெரவலப்பிட்டிய வரை போய்வருகிற லொறிக்கு அந்தப் பயணம் நிறைய நேரத்தைத் தின்றுவிடும், ஆகவே லொறி எங்கே, எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்பதுதான் கணக்கின் மையம். நம் குப்பையில் சாப்பாட்டு மிச்சமும் ஈரமும் அதிகம். அமுக்கும் லொறியில் இடம் மிச்சமிருக்கும்போதே நிறை எல்லையைத் தொட்டுவிடும், மழை நாளில் இன்னும் சீக்கிரம். கொள்ளளவை மட்டும் கொடுத்தால் லொறி நடு ஒழுங்கையில் நிரம்பி, மீதிப் பைகள் காகத்துக்கும் நாய்க்கும் போகும். லொறியை நிறுக்கும் இடத்தில் தருகிற துண்டுகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்து, நாள்வாரியாக உள்ளே போடுங்கள். தீபாவளி, வெசாக், ஆடிவேல் நாட்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். உக்கும் குப்பைக்கும் உக்காத குப்பைக்கும் ஒரே பாதை சரிவராது, இரண்டின் நிறையும் வேறு.

தினமும் காலையில் புதுப் பாதை கேட்காதீர்கள். பத்து நிமிடம் மிச்சம் என்று திரை காட்டும், ஆனால் வழக்கமாக ஆறரைக்கு வரும் லொறி எட்டுக்கு வந்தால், ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற அக்கா பையை எங்கே வைப்பார்? நேரத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே வீடுவீடாகச் சொல்லுங்கள், தமிழிலும் சிங்களத்திலும்.

ஜி.பி.எஸ்.ஐ வைத்துச் சாரதியைப் பிடிப்பதும் பிழை. அவர் பாதை மாறினால் விளக்கக் கடிதம் கேட்குமுன், ஏன் மாறினார் என்று நேரில் கேளுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்கு அந்த வீதி அசையாது என்பார், அந்த நேரத்தை அன்றைக்கே வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள்.