காது கேளாத கைக்குழந்தை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தட்டைக் கீழே போட்டோம், திரும்பிப் பார்த்தானே!" சந்தேகம் வந்ததும் வீட்டில் நடக்கும் முதல் சோதனை இதுதான். இதை நம்ப வேண்டாம். தரை அதிர்ந்தாலும் நிழல் ஆடினாலும் குழந்தை திரும்பும். பெரிய சத்தம் மட்டும் கேட்டு, பேச்சு கேட்காத குழந்தைகளும் உண்டு. 'ங்கா' சொல்வதும் சான்றல்ல. காது அறவே கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படிக் குரல் கொடுக்கும்.

"அவன் தாய்மாமனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. பிந்திவிட்டால் இன்றே தொடங்குங்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, குழந்தைகளின் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரக் கேளுங்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

காதில் மெல்லிய ஒலி அனுப்பி, உட்காது திருப்பித் தரும் ஒலியை அளக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையில் 'பாஸ்' என்று வந்தால் எல்லாருக்கும் அதோடு முடிந்துவிடாது. உட்காது நன்றாக இருந்து, நரம்பு வழியில் கோளாறு இருந்தால் அதில் தெரியாது. தூங்கும் குழந்தையின் தலையில் மின்வாய் ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதியும் பெரா சோதனையில்தான் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் பெரா கட்டாயம். சோதனைக்குப் போகும்போது தலையில் எண்ணெய் வேண்டாம், மின்வாய் ஒட்டாது. வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். ஓசூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ்ஸில் தூங்கி வந்த குழந்தை, சோதனை நேரத்தில் விழித்துக்கொண்டு அழும், அலைச்சல் வீணாகும்.

காது மெஷினை பயிற்சி நேரத்தில் மட்டும் போட்டுவிட்டு, விருந்தாளி வந்தால் கழற்றிவிடுவது அடுத்த தவறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும். இரண்டு காதிலும் குறை இருந்தால், செலவை எண்ணி ஒன்றோடு நிறுத்தாதீர்கள். மெஷின் விசிலடித்தால் சத்தத்தைக் குறைக்கிறார்கள், அது தீர்வல்ல. பெரும்பாலும் காது வளர்ந்து, காதுக்குள் பொருந்தும் மெஷினின் அச்சு தளர்ந்திருக்கும். முதல் வருடத்தில் 2, 3 மாதத்துக்கொரு முறை புது அச்சு எடுக்க நேரலாம்.

தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வாயை மறைத்து, சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். நேற்றுவரை திரும்பிய ஒலிக்கு இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரி, அழுக்கு, சளி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகே போடுங்கள். பழையதைத் தரையில் விடாதீர்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளில், "இனி தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் வீட்டுப் பேச்சே குறைந்துபோகும். எந்த மொழி நிறைய வருமோ அதில் பேசுங்கள். கைச்சாடையோ சைகை மொழியோ பேச்சைத் தடுக்காது, பயமின்றிப் பயன்படுத்துங்கள். டிவியை நிறுத்தி, கைக்கெட்டும் தூரத்தில் உட்காருங்கள். கத்தினால் சொல் சிதையும். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதைவிட, களி கிளறும்போது "களி கொதிக்குது, சூடு, ஊதலாமா?" என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி காத்திருப்பது பலன் தரும். பெற்றோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிதான் பயிற்சிக்கு வர வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் கம்பி செலுத்தி கேட்கும் நரம்பைத் தூண்டும் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்துவது) உண்டு. அதற்காக ஐந்து வயது வரை தள்ளிப்போடக் கூடாது. 3 வயதுக்கு முன் செய்தால் பேச்சு வரும் வாய்ப்பு மிக அதிகம். மூளைக்காய்ச்சல் வந்து கேட்காமல் போனால் வாரக்கணக்கில்கூடத் தள்ளக் கூடாது. உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால் கருவியின் கம்பியை உள்ளே செலுத்துவதே கடினமாகிவிடும்.

தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்த வீடுகளில் பரம்பரைக் காரணம் இருக்க வாய்ப்பு கூடுதல். அடுத்த குழந்தைக்கு அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த மாதத்திலேயே பரிசோதனை கேளுங்கள்.