குழி ரோட்டில் கார் குலுங்கல்: என் அனுபவம்
பழைய ஹாட்ச்பேக் ஒன்று வாங்கினேன். வடபழனியிலிருந்து போரூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் மொத்தத்தையும் மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக். எனக்கு டயர் மேல்தான் சந்தேகம்.

முந்தைய உரிமையாளர் அழகுக்காக 16 அங்குல அலாய் வீலில் 195/55 டயர் போட்டிருந்தார். கம்பெனி கொடுத்தது 15 அங்குலத்தில் 185/65. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்வது. கணக்குப் போட்டால் 107 மில்லிமீட்டருக்குப் பதில் 120. குழியில் விழும்போது முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங் இல்லை, இந்த ரப்பர்தான். கம்பெனி அளவுக்கே மாறினேன். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் சூடேறும் முன் காற்று பிடித்தேன். பாதிக் குலுக்கல் போய்விட்டது.

மிச்சமிருந்தது முன்பக்க 'டொக் டொக்'. அது தேய்ந்துபோன ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு), சின்ன செலவுதான். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில், இடது பக்கம் ஆயில் கசிந்தது. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது. அதனால் ஜோடியாகவே, அதன் மேல் முனையை வண்டி உடலோடு பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட்டோடு சேர்த்து மாற்றினேன். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபரையும் கடையில் வற்புறுத்தினார்கள். வேண்டாம் என்றேன். அது ஸ்பிரிங்கை இறுக்கமாக்கும். எப்போதும் ஆள் நிறைய ஏற்றி அடி தட்டுகிற வண்டி என்றால் சரி. தனியாக ஓட்டுகிற எனக்கு எதற்கு?