வகுப்பில் ஒரு பிள்ளை சொறிந்தால்

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எனக்கு, பிள்ளை எழுதும்போதே கை கண்ணில் படும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னப் பருக்கள், இரவில் கடி (அரிப்பு) கூடுகிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அநேகமாகச் சிரங்குதான். டொக்டரிடம் காட்டுங்கள். வழக்கமாக 5% பெர்மெத்ரின் கிறீம் தருவார்கள். படுக்குமுன் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வார்க்க வேண்டும். ஒரு கிழமையில் மறுபடியும்.

பிழை விடுவது இங்கேதான்: கடிக்கிற பிள்ளைக்கு மட்டும் பூசுவார்கள். அம்மம்மா "எனக்கு ஒண்டுமில்லை" என்பார். அவருக்கும் அதே இரவு பூசுங்கள். துவாய், பெட்ஷீட், உடுப்புகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? தோய்க்க முடியாததைப் பையில் கட்டி 3 நாளாவது வையுங்கள். மருந்துக்குப் பிறகும் 2 முதல் 4 கிழமை கடி இருக்கலாம். பயந்து திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து வரும். குளோட்ரிமசோல் கிறீமை, மறைந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை பூசுங்கள். பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கும் பெற்றமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கிறீம் கூடாது. சிவப்பு அடங்கும், படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு பரவும். தலையில் வந்தால் குளிசை தேவை.

கன்னத்து வெளிர்த் தேமலுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரி, கொடுத்தாலும் தேமல் போகாது. அது மாதக்கணக்கில் தானாக மறையும். தொட்டால் உணர்ச்சி குறைந்த வெளிர் படை என்றால் மட்டும் பொறுத்திருக்காதீர்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும்.