நிலக்கடலை முத்திருச்சான்னு எப்படி பாக்குறது? செடிய விடுங்க, ஓட்ட உடைங்க

இலை மஞ்சளாயிருச்சு, புடுங்கிரலாமான்னு கேக்குறவங்க நெறைய பேரு. இலைய மட்டும் நம்பி எறங்காதீங்க. முத்துனா அடி இலை பழுத்து உதிரும்தான், ஆனா டிக்கா இலைப்புள்ளி நோய் வந்தாலும் அப்படியேதான் உதிரும், தண்ணி பத்தலன்னாலும் வெளுக்கும். நான் ஒரு தடவ இப்படித்தான் அவசரப்பட்டு மொத்தத்தையும் புடுங்கிட்டேன், காயவச்சு உடைச்சா பருப்பு சுண்டிப்போயி சுருக்கம் சுருக்கமா கெடக்கு, பாதி பொக்கு.

சரி நாள் கணக்கு இருக்கேன்னா, கொத்து ரகம் 100-110 நாளு, கொடி ரகம் 120லருந்து 140 வரைக்கும்கூட போகும், ஆனா குளிரா இருந்தா இன்னும் தள்ளும், தண்ணி பாய்ச்சுறத பொறுத்தும் மாறும். அதனால அந்த தேதிய புடுங்குற தேதியா வச்சுக்காதீங்க, அதுக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே பாக்க ஆரம்பிச்சிருங்க.

இதுல என்ன சிக்கல்னா கடலை ஒரே மூச்சுல பூக்காது. விதைச்சு 25-30 நாள்ல பூக்க ஆரம்பிச்சு வாரக்கணக்கா பூத்துக்கிட்டே இருக்கும், அதனால ஒரே செடியில முத்தலும் இருக்கும், அரைகொறையும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், இப்பதான் மண்ணுக்குள்ள எறங்குற விழுதும் (பூவுலருந்து எறங்கி நுனியில காய் புடிக்கிற காம்பு) இருக்கும். எல்லாமே முத்தட்டும்னு காத்திருந்தா மொதல்ல வந்த நல்ல காயெல்லாம் மண்ணுலயே போயிரும்.

வரப்போரத்துச் செடிய விட்டுட்டு வயலுக்குள்ள அஞ்சாறு எடத்துல செடி எடுங்க. வெறுங்கையால இழுக்காம களைக்கொத்து போட்டு நெம்பி எடுங்க, ஏன்னா முத்துன காயோட விழுதுதான் மொதல்ல அறும், அது மண்ணுக்குள்ள நின்னுட்டா உங்க கையில பிஞ்சா வரும், கணக்கே தப்பாயிரும். மண்ணக் கிளறி விட்டதையும் பொறுக்கிக்கோங்க. ரொம்ப பொடிப் பிஞ்சத் தள்ளிட்டு மிச்சத்துல ஒரு 100 காய உடைச்சு ஓட்டோட உள்பக்கத்தப் பாருங்க. வெள்ளையா பஞ்சு மாதிரி ஈரமா இருந்தா இன்னும் ஆகல. பழுப்பா, கறுப்பா திட்டுத் திட்டா இருந்தா முத்தல். பருப்பும் ஓட்டுக்குள்ள நெறஞ்சு இருக்கணும், மேல்தோலு மெலிசாகி அந்த ரகத்துக்கு உண்டான நெறம் ஏறியிருக்கணும், நகத்தால கிள்ளுனா தண்ணி கசியக்கூடாது. 100க்கு 70-75 இப்படி இருந்தா புடுங்கிரலாம்.

உடைக்காமலும் பாக்கலாம், புடுங்குன ஈரத்தோட காயோட இடுப்புல கத்தியால மேல்தொலிய லேசா சொரண்டுங்க. அடியில வெள்ளை, மஞ்சளா இருந்தா பிஞ்சு, ஆரஞ்சா இருந்தா பக்கத்துல வந்துருச்சு, பழுப்பு இல்லாட்டி கறுப்புன்னா முத்தல். காஞ்சப்பறம் சொரண்டி பிரயோசனமில்ல, நெறம் மாறிரும்.

கொத்து ரகத்துல நெறைய ரகத்துக்கு விதை ஒறக்கம் (முத்துனதும் மொளைக்காம கொஞ்ச நாள் சும்மா இருக்குறது) கெடையாது, முத்துனப்பறம் ஒரு மழை பேஞ்சா மண்ணுக்குள்ளயே மொளைச்சு நிக்கும், அதனால அதுல ரெண்டு நாள் முந்துனாலும் பரவால்ல. இன்னொன்னு, நோய் வந்து இலையெல்லாம் கொட்டி, லேசா இழுத்தாலே விழுது பட்டு பட்டுன்னு அறுதுன்னா 75க்கு காத்திருக்க வேணாம், இருக்குறத எடுத்துருங்க.

மண்ணு இறுகியிருந்தா முந்தியே லேசா தண்ணி கட்டுங்க, சேறாக்கிராதீங்க. புடுங்குன செடிய காய் மேல பாத்த மாதிரி கவுத்துப் போட்டு காயவிடுங்க, ஈரத்தோட அம்பாரம் போட்டா பூஞ்சணம் புடிச்சு அஃப்ளாடாக்சின்ங்குற நஞ்சு வந்துரும், அப்பறம் சாப்பிடவும் ஆகாது விக்கவும் முடியாது. ஒரு காய காதுகிட்ட வச்சு ஆட்டுனா உள்ள கடகடன்னு சத்தம் கேக்கணும், அதுவரைக்கும் மூட்டை கட்டாதீங்க.